உட்கார வேண்டியவள்

பேஸ்கட்பால் ஆட்டத்தில் ஒரு விதி உண்டு. அணியின் தலைமைப் பயிற்சியாளர் நிற்கலாம், அல்லது உதவிப் பயிற்சியாளர் நிற்கலாம். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் நிற்கக் கூடாது. இதை எழுதிய மகராசன் யாரோ தெரியாது. அவன் ஒரு தடவை திருச்செங்கோட்டுக்கு வந்து அறிவுச்செல்வியைப் பார்த்திருந்தால் இன்னும் இரண்டு வரி சேர்த்து எழுதியிருப்பான் என்று நினைத்துக்கொள்வேன்.

என் பெயர் வேலுசாமி. அலுவலகம் இல்லாத நாட்களில் ஆட்டங்களுக்கு ஸ்கோர் ஷீட் எழுதப் போவேன். மைதான ஓரத்து மேஜையில் உட்கார்ந்து யார் எத்தனை புள்ளி, யார் எத்தனை ஃபவுல் என்று குறிப்பது வேலை. இருபத்தைந்து வருடமாக எழுதுகிறேன். அந்த மேஜையில் இருப்பவன் கை தட்டக் கூடாது, உச்சுக் கொட்டக் கூடாது. கல்லு மாதிரி இருக்க வேண்டும். அறிவுச்செல்வி ஆடிய காலத்தில் அது எனக்குப் பெரிய தண்டனையாக இருந்தது.

அவள் அப்பா சங்ககிரியில் லாரிப் பட்டறை மெக்கானிக். இவள் இடது கைக்காரி, ஒன்பதாம் எண் பனியன். பந்து அவள் கைக்குப் போனால் எதிரணிப் பெண்கள் வலது பக்கம்தான் மறிப்பார்கள், பழக்கம் அப்படி. மறித்துத் திரும்புவதற்குள் பந்து கூடைக்குள் விழுந்திருக்கும். ஒரே ஆட்டத்தில் நாற்பத்தொரு புள்ளி என்று இந்தக் கையால் எழுதியிருக்கிறேன். விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலைத் தேர்வுக்கு அழைப்பு வந்தது. அந்தத் தேர்வுக்குப் பதினோரு நாள் முன்னால், யாரோ ஒரு பெரிய மனிதரின் பிறந்தநாள் போட்டி என்று மழை ஈரம் காயாத சிமெண்ட் தரையில் ஆடவிட்டார்கள். முட்டி திரும்பிவிட்டது, ஆட்டமும் வேலையும் அதோடு போயின. ஆடவிட்டவர்கள் மேல் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் இருக்கிறது. அவர்களோ அவளுக்கு ஒரு சால்வை போர்த்திவிட்டு மறந்துபோனார்கள்.

அதற்குப் பிறகு திருச்செங்கோட்டில் ஒரு பெண்கள் கல்லூரியில் உதவிப் பயிற்சியாளராகச் சேர்ந்தாள். சேர்ந்து பதினான்கு வருடம் ஆகிறது. தலைமைப் பயிற்சியாளர் தீனதயாளன். அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு ஆறுதலாக இருந்திருக்கலாம். அவர் கபடிக்காரர். பேஸ்கட்பாலில் அவருக்குத் தெரிந்தது 'ஓடு' என்ற ஒரு சொல். முதல் விசில் முதல் கடைசி விசில் வரை இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்று அதையே சொல்வார். அவர் நிற்பதால் இவள் உட்கார வேண்டும்.

உட்கார்ந்தபடி அணியை நடத்த அவள் ஒரு வழி வைத்திருந்தாள். உள்ளே போகிற மாற்று ஆட்டக்காரியின் காதில் சொல்லி அனுப்புவாள். வெளியே வருகிறவளுக்குத் தண்ணீர் பாட்டிலை நீட்டும்போது இரண்டு வார்த்தை சொல்வாள். பயிற்சியாளர் கேட்டு வாங்கும் ஒரு நிமிட டைம்-அவுட்டில் தீனதயாளன் ஐம்பது நொடி பேசி முடித்ததும், மிச்சமிருக்கும் பத்து நொடியில் பெண்களின் கையைப் பிடித்து நிற்க வேண்டிய இடத்தைக் காட்டுவாள். அந்தப் பத்து நொடியில்தான் கல்லூரி ஜெயித்துக்கொண்டிருந்தது. பத்திரிகைப் படத்தில் தீனதயாளன் நடுவில் நிற்பார். இவள் ஓரத்தில், பாட்டில் பையோடு, பாதி முகம் தெரியும்.

போன வருடம் தீனதயாளன் மே மாதத்தோடு ஓய்வு பெறுவதாக இருந்தது. கல்லூரித் தாளாளர் இவளைக் கூப்பிட்டுச் சொன்னார். அதை அவளே என்னிடம் வந்து சொன்னாள்.

"மண்டலக் கப்பைக் கொண்டாந்துரு, அந்த எடம் உனக்குத்தாம்மான்னு சொல்லிட்டாருங்கண்ணா."

"சந்தோசம் சாமி. மொதல்ல என்ன பண்ணுவே?"

"நின்னு பாக்கோணுங்கண்ணா. ஒரு முழு ஆட்டத்த நின்னுக்கிட்டுப் பாக்கோணும்."

சம்பளம் கூடும் என்றோ பெயர்ப்பலகை மாட்டுவார்கள் என்றோ அவள் சொல்லவில்லை.

இறுதி ஆட்டம் சேலத்தில், பிப்ரவரி மாத வெயிலில் நடந்தது. மேஜையில் நான்தான். ஆட்டம் தொடங்குமுன் அவள் தீனதயாளனிடம் போய்க் கேட்டது என் காதில் விழுந்தது.

"சார், கடைசி ரெண்டு நிமிசம் மட்டும் நீங்க சித்த உக்காந்துக்கிறீங்களா? நான் நின்னு பாத்துக்கிறேனுங்க."

"அதுக்கென்னம்மா, ஆகட்டும்" என்றார். மனதாரத்தான் சொன்னார்.

மூன்றாவது கால் பகுதியில் ஒரு தடவை அவள் தன்னை மறந்து எழுந்துவிட்டாள். நடுவர் கண்டிப்பான ஆள். விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, அவளை விரலால் சுட்டி எச்சரித்தார். அவள் தலையசைத்து உட்கார்ந்தாள்.

கடைசி இரண்டு நிமிடம் வந்தது. தீனதயாளன் உட்காரத்தான் திரும்பினார். அந்த நேரம் பார்த்துத் தாளாளர் கார் வந்து நின்றது, அவர் இறங்கி மைதான ஓரத்தில் நின்றார். தாளாளர் நின்றுகொண்டு பார்க்கும்போது இவர் எப்படி உட்காருவார்? முப்பது வருட உத்தியோகப் பழக்கம். சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு விறைப்பாக நின்றுவிட்டார். அறிவுச்செல்வி கீழேயிருந்து "சார்" என்றாள். அவர் திரும்பவில்லை.

ஐம்பத்திரண்டுக்கு ஐம்பத்திரண்டு. ஒன்பது நொடி பாக்கி. பந்து திருச்செங்கோட்டு அணியின் தனப்பிரியா கையில். டைம்-அவுட் எல்லாம் தீர்ந்துவிட்டது, மாற்று ஆள் அனுப்பவும் நேரமில்லை. இடது பக்கம், கூடைக்கு அடியில், அதே அணியின் மோகனப்பிரியா தனியாக நிற்கிறாள். அவளை மறிக்க ஒருத்தியும் இல்லை. தனப்பிரியா வலது பக்கமே பார்த்துக்கொண்டிருக்கிறாள். எனக்குத் தெரிந்தது. என்னால் சொல்ல முடியாது, நான் மேஜைக்காரன்.

அறிவுச்செல்வி எழுந்துவிட்டாள். எழுந்தது மட்டுமில்லை, மைதானத்தின் ஓரக் கோட்டுக்கே போய்விட்டாள். "எடக்கைப் பக்கம் பாரு கண்ணு" என்று கத்தினாள்.

விசில் ஊதிய கணமும் பந்து தனப்பிரியாவின் கையைவிட்டுக் கிளம்பிய கணமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். மோகனப்பிரியா பிடித்தாள், போட்டாள். பந்து வளையத்தைத் தொடாமல் உள்ளே விழுந்தது. பெண்கள் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள். நடுவர் கையை ஆட்டி, விசிலுக்குப் பிறகு விழுந்த கூடை செல்லாது என்றார். பெஞ்சில் இருக்க வேண்டியவர் எழுந்து கத்தியதற்கு டெக்னிக்கல் ஃபவுல். எதிரணிக்கு ஒரு தனி எறிதல் கிடைத்தது, அதை அவர்கள் போட்டுவிட்டார்கள். பந்து மறுபடி எங்கள் பக்கம் வந்தபோது மிச்சம் ஆறு நொடி இருந்தது. இடது பக்கத்துக்கு இப்போது இரண்டு பேர் காவல். தனப்பிரியா எறிந்த பந்து வளையத்தில் பட்டு வெளியே விழுந்தது. ஒரு புள்ளியில் தோல்வி.

எல்லாரும் போன பிறகு அவள் மேஜைக்கு வந்தாள்.

"அந்த ஃபவுல எங்கீங்கண்ணா எழுதுனீங்க?"

நான் தாளைத் திருப்பிக் காட்டினேன். உதவிப் பயிற்சியாளர் செய்கிற தப்பையும் தலைமைப் பயிற்சியாளர் பெயருக்கு எதிரில்தான் குறிக்க வேண்டும், விதி அப்படி. தீனதயாளன் பெயருக்குப் பக்கத்துக் கட்டத்தில் என் கையெழுத்தில், பெஞ்சைக் குறிக்கும் ஒரு 'பி' இருந்தது.

"நாஞ் செஞ்ச தப்புக்கும் அவரு பேருதானுங்களா" என்றாள். சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. நான் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தேன். பொல்லாத கட்டம் அது. அதில் எழுதாமல் விட்டிருந்தால் என்ன என்று இன்றைக்கும் நினைக்கிறேன். விட்டிருந்தாலும் நடுவர் எழுத வைத்திருப்பார்.

தாளாளர் அவளைத் திட்டவில்லை. காரில் ஏறும்போது, "அவசரப்பட்டுட்டியேம்மா" என்றாராம். ஜூன் மாதம் சென்னையிலிருந்து வித்யா என்ற பெண் தலைமைப் பயிற்சியாளராக வந்தாள். இருபத்தேழு வயது, பட்டயங்கள் நிறைய. நல்ல பெண். இவளை 'அக்கா' என்றுதான் கூப்பிடுகிறாள். அவளும் நின்றுகொண்டேதான் ஆட்டத்தைப் பார்க்கிறாள்.

இந்தச் செப்டம்பரில் நாமக்கல்லில் ஒரு ஆட்டத்துக்கு எழுதப் போயிருந்தேன். திருச்செங்கோட்டுக் கல்லூரியில் பயிற்சியாளராக இருந்தாலும் பெண்கள் டி-ஷர்ட்டுக்கு மேல் துப்பட்டா போட வேண்டும் என்பது நிர்வாகத்தின் சட்டம். அறிவுச்செல்வி அந்தத் துப்பட்டாவின் ஒரு முனையை இடுப்பில் செருகி, மறுமுனையைப் பிளாஸ்டிக் நாற்காலியின் கையில் இரண்டு சுற்றுச் சுற்றி முடிந்திருந்தாள்.

"என்ன சாமி இது?"

"எந்திரிச்சா இழுக்குமுங்கண்ணா. நெனப்பு வந்துரும்."

ஆட்டம் கடைசி நிமிடத்துக்கு வந்தபோது திருச்செங்கோட்டு அணி ஒரு புள்ளி பின்னால். மறுபடியும் மோகனப்பிரியா இடது பக்கம் தனியாக நிற்கிறாள். அவள் பந்தைப் பார்க்கவில்லை, தனப்பிரியாவையும் பார்க்கவில்லை. பெஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அந்தக் குரல் வரும் என்று. வித்யா வலது பக்கத்தைக் காட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். நான் பெஞ்சைப் பார்த்தேன். மோகனப்பிரியா தனியாக நிற்பது அறிவுச்செல்விக்குத் தெரிந்துவிட்டது. அவள் கண் இடது பக்கத்தில்தான் இருந்தது. இரண்டு கையும் மடியில் இருந்தன.

எழுந்திரு என்று எனக்குள் கத்தினேன். அதே ஒரு புள்ளியில் தோற்று ஆட்டம் முடிந்தது.

தாளில் கையெழுத்து வாங்கப் போனபோது அவள் குனிந்து முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். விரல் பட்டதும் அது கழன்று வந்தது. ஆட்டம் முழுக்க அது ஒரு தடவைகூட இறுகியிருக்கவில்லை.