நரி முகத்தில் முழிக்க வந்தவர்கள்

திருக்கழுக்குன்றம் ஏரிக்கரையோரம் இஸ்திரிக் கடை வைத்திருப்பவள் செங்கமலம். வாய் கொஞ்சம் நீளம், ஆனால் கை சுத்தம். அன்று காலை அவள் ஷட்டரைத் தூக்கியதும் தூக்காததுமாக, நாலைந்து தெருநாய்கள் துரத்த, ஒரு நரி அவள் காலை உரசிக்கொண்டு கடைக்குள் பாய்ந்துவிட்டது. சட்டென்று ஷட்டரை இறக்கினாள். கல்லெறிந்து நாய்களை விரட்டினாள். அதோடு விட்டிருக்கலாம். "ஐயோ, நரி பூந்துகிச்சு" என்று கத்தியதுதான் வினையாகிப் போனது.

எதிரே மறைமலைநகர் கம்பெனி பஸ்ஸுக்கு நின்றிருந்த அத்தனை பேரும் கடை வாசலுக்கு வந்துவிட்டார்கள். நரி முகத்தில் முழித்தால் யோகமாம். ஒருத்தனுக்கு வேலை நிரந்தரமாக வேண்டும், ஒருத்திக்கு வரன் அமைய வேண்டும். நரிக்கு என்ன வேண்டும் என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

செங்கமலம் வனத்துறைக்குப் போன் போட்டாள். செங்கல்பட்டிலிருந்து வர வேண்டும், நேரமாகும் என்றார்கள். அதற்குள் வெல்டிங் வேலை பார்க்கும் பார்த்திபன் ஷட்டருக்கு அடியில் குச்சியை விட்டுக் குத்தினான். உள்ளே நரி சுவரில் போய் மோதுவது கேட்டது. திரும்பி வந்து ஷட்டரில் மோதியது. ஷட்டரின் கீழ் இடுக்கில் ரத்தம் கசிந்தது. இப்படியே விட்டால் மோதி மோதியே செத்துவிடும். திறந்தால் கூட்டத்துக்குள் பாயும், யாரையாவது கடிக்கும், அடித்தே கொன்றுவிடுவார்கள்.

"அந்தாண்ட போங்க எல்லாரும். நான் தொறந்து வுட்டுடறேன்."

யாரும் அசையவில்லை.

"தொற அக்கா," என்றான் பார்த்திபன், ஷட்டரையே பார்த்துக்கொண்டு. "ஆனா நீ ஒதுங்கி நின்னுக்கோ. மொதல்ல அது மூஞ்சிதான் கண்ணுல படணும். தப்பா நெனைச்சிக்காத."

தப்பாக நினைக்க என்ன இருக்கிறது? புருஷன் செத்துப் போனதிலிருந்தே இந்த யோக்கியர்கள் காலையில் அவளைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். துணி கொடுப்பதும் வாங்குவதும் சாயங்காலம்தான்.

செங்கமலம் ஒதுங்கவில்லை. ஷட்டருக்கும் கூட்டத்துக்கும் நடுவே போய் நின்று, பார்த்திபனின் முகத்துக்கு நேராகத் தன் முகத்தை நீட்டினாள்.

"இன்னாடா, இத்த பாரு. நல்லா பாத்துக்கினு வேலைக்குப் போ."

அவன் குச்சியைப் போட்டுவிட்டுப் பின்வாங்கினான். அடுத்தவனிடம் போனாள். அவனும் திரும்பிக்கொண்டான். ஒவ்வொருவராக எதிர்கொண்டு, ரோட்டைத் தாண்டி பஸ் ஸ்டாப் வரை கூட்டத்தைத் தள்ளிக்கொண்டே போனாள்.

பிறகு ஓடிவந்து ஷட்டரைத் தூக்கினாள். ஒன்றும் வரவில்லை. செத்துவிட்டதோ என்று குனிந்து பார்த்தாள். மேசைக்கு அடியிலிருந்து மூக்கில் ரத்தத்தோடு நரி தலையை நீட்டி அவளைப் பார்த்தது. மறுநொடி நொண்டிக்கொண்டே கரையேறி, சீமைக்கருவேலத்துக்குள் மறைந்தது.

எதிர்ப்பக்கம் எல்லாரும் இன்னும் முதுகைக் காட்டித்தான் நின்றிருந்தார்கள். பஸ் வந்தது, ஏறிக்கொண்டார்கள்.

நரி பிழைத்ததில் அவளுக்குச் சந்தோஷம்தான். ஆனாலும் தரையில் கிடந்த ரத்தத்தைத் துடைக்கும்போது, ஒரே ஒரு ஆளாவது முகத்தைத் திருப்பாமல் நின்றிருக்கக் கூடாதா என்று தோன்றி, அழுகை வந்துவிட்டது.