அண்ணன் எனக்கென்று வைத்திருந்த மேளம்

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரில் அவரைப் பற்றி எழுத வேண்டியவள் நான்தானா என்று எனக்குத் தெரியவில்லை. அண்ணி சொன்னதால் எழுதுகிறேன்.

கோபிக்குப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து, தொண்ணூறாம் ஆண்டில் இந்த நாட்டுக்கு, ஃப்ரீமான்ட் வந்தவர். எனக்கு வரன் பார்த்து சன்னிவேலுக்கு வரவழைத்தவரும் அவரே. அவருக்குக் கோபமே வராது. அவருக்கும் சேர்த்து எனக்கு வரும்.

ஊரில் அம்மா தவறியபோது அவருடைய கிரீன் கார்டு விண்ணப்பம் பாதியில் நின்றது. இப்போது கிளம்பினால் திரும்ப முடியாது என்றார் வக்கீல். தலைமகன் போகவில்லை, சித்தப்பா மகன் கொள்ளி வைத்தான். நான் மட்டும் போய் வந்தேன். வந்ததும் போனில் கேட்டேன்: "கார்டுதான் பெருசாப் போச்சுங்களாண்ணா? அம்மாவுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டீங்களா?"

"இல்ல அம்மணி, கேளு..." என்று தொடங்கினார். நான் போனை வைத்துவிட்டேன். அதன்பின் கடைசிவரை பேசவே இல்லை.

சனிக்கிழமைதோறும் சான் ஹோசேயில், இந்த மண்ணின் பூர்வகுடி மக்கள் நடத்தும் கூடத்துக்கு மேளம் செய்யக் கற்கப் போகிறார் என்று கேள்விப்பட்டேன். சாஃப்ட்வேர்க்காரருக்கு மேளம் எதற்கு? அதுவும் மான் தோலில்! மனுஷனுக்கு மூளை கலங்கிவிட்டது என்றே நினைத்தேன்.

போன வருடம், வேலைக்குப் போகும் வழியில் மாரடைப்பு. போய்விட்டார். தீட்டுக் கழிய அவர் வீட்டைக் கழுவியபோது, கராஜில் முறம் அளவுக்கு அந்த மேளம் இருந்தது. செத்த மிருகத்தின் தோலாயிற்றே என்று அதையும் ஹோஸ் பைப்பைப் பிடித்து நன்றாகக் கழுவினேன். தோல் துவண்டு தொங்கியது.

"ஐயோ, அத ஏன் நனைச்ச அம்மணி? உனக்குன்னு வெச்சிருந்தாரு!" என்று அண்ணி தலையில் அடித்துக்கொண்டார்.

பதினாறாம் நாள், கூடத்தை நடத்தும் பெண்மணி வந்தார். வெயிலில் வைத்தால் தோல் இறுகிவிடும் என்று தேற்றினார். தாம் செய்யும் முதல் மேளத்தை யாரும் தாமே வைத்துக்கொள்ளக் கூடாதாம், கொடுத்துவிட வேண்டுமாம். "தங்கச்சிக்கு. அவ கோபம் தீரட்டும்" என்று காத்திருந்தாராம் அண்ணன். உறவை இழந்தவர்கள் அங்கே வட்டமாக உட்கார்ந்து, ஊறிய தோலை இழுத்துக் கட்டியபடியே இறந்தவரைப் பற்றிப் பேசுவார்களாம். அண்ணனும், அம்மாவைப் பற்றி என்று மட்டும் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுப் பேசினாராம், அழுதாராம். முழுக்கத் தமிழில்.

என்ன சொன்னார் என்று கேட்டேன். ஒரு வார்த்தையும் புரியவில்லை, முடிக்கும்வரை எல்லோரும் கேட்டோம் என்றார்.

மேளம் காய்ந்து, இப்போது என் வீட்டில் இருக்கிறது. தட்டினால் நன்றாகவே ஒலிக்கிறது. என்னை மன்னித்துக் கொடுத்தாரா, மன்னிப்புக் கேட்டுக் கொடுத்தாரா, ஒன்றும் விளங்கவில்லை.

அந்தத் துக்க நாட்களில் சமைத்துக் கொண்டுவந்த ஃப்ரீமான்ட் குடும்பங்களுக்கு எங்கள் நன்றி. பாஷை தெரியாமலும் எழுந்து போகாமல் என் அண்ணனைக் கேட்ட அந்தக் கூடத்தாருக்குக் கைகூப்பி நன்றி. எனக்குப் புரிந்திருக்கும். நான்தான் போனை வைத்துவிட்டேன்.