வாசலில் நட்ட டேப்பட்டுகள்

எதிர்வீட்டுக்காரர் தன் பழைய ஜீப்பைக் கிளப்பினார். என்ஜினுக்குள் டிக்டிக்கென்று ஒரு சத்தம். கையிலிருந்த வேலையை வைத்துவிட்டு ஜன்னலுக்குப் போனேன்.

எழுபதுகளின் கடைசியில் எங்கள் மலையூரில் அப்பாவிடம் மட்டும்தான் ஜீப் இருந்தது. அம்மாவுக்கு நிறைமாதம். பிரசவத்துக்குள் வண்டி ஓடியாக வேண்டுமென்று அப்பாவும் வாணியம்பாடி மெக்கானிக் பாயும் என்ஜினைப் பிரித்தார்கள். வால்வுகளைத் திறந்து மூடும் ராக்கர்களை அடியிலிருந்து தூக்கிவிடும் சின்ன இரும்பு உருளைகளான டேப்பட்டுகளைக் கழற்றி, வரிசை மாறாமல் வாசல் மண்ணில் நட்டுவிட்டுச் சாப்பிடப் போனார்கள்.

திரும்பி வந்தால் வாசல் மெழுகியிருந்தது. டேப்பட்டுகள் கூடையில் குவிந்து கிடந்தன.

"இன்னாம்மா, கலந்துட்டீங்களே! அதது தேஞ்ச குழியிலயே அதது போவணும்மா," என்றார் பாய்.

"வெள்ளிக்கிழமையாச்சே பாய், வாசல் மெழுகாம எப்பிடி வுடறது? சாம்பல் போட்டுத் தேச்சி வச்சிருக்கேன் பாருங்க," என்றாள் அம்மா.

"வுடு பாய். ஓடுனா போதும்," என்றார் அப்பா.

ராக்கர்களை எத்தனை முறை சரிசெய்து பூட்டியும் சத்தம் அடங்கவில்லை. அதற்குள் அம்மாவுக்கு வலி வந்துவிட்டது. வேகமாகப் போனால் வண்டி காட்டிலேயே நின்றுவிடுமோ என்று பயந்து, திருப்பத்தூர் வரை ஊர்ந்தே ஓட்டினார் அப்பா.

அந்தச் சத்தம் திரும்பி வந்தபோது வாசலுக்கு ஓடினேன். அம்மா வெறுங்கையோடு இறங்கினாள். ஆஸ்பத்திரி சேருமுன்பே குழந்தை போய்விட்டதாம்.

பிறகும் வெள்ளிதோறும் மெழுகுவாள். டேப்பட்டுகள் இருந்த மூலையை மட்டும் தொடமாட்டாள்.

"அங்கயும் மெழுகேன். மண்ணுல வச்சது நான்தானே," என்பார் அப்பா. அவள் சாணி வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவாள்.

எதிர்வீட்டு ஜீப் தெருமுனை திரும்பிவிட்டது. அது வந்து சேரும்வரை எனக்கு இனி வேலை ஓடாது.