சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும்

செய்தி வந்தபோது மணி நான்கு இருபது. 1987 நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை. வெளியே நல்ல மழை. உட்லண்ட்ஸ் வீட்டிலிருந்து சம்சுன்னிசா அம்மாள் தொலைபேசியில் பேசினார். குரலில் அழுகை இல்லை.

"அவங்க மவுத்தாயிட்டாங்கமா. பகல் தூக்கத்துலயே. மழைச் சத்தத்துல எனக்கே தெரியலை."

அவர் கணவர் அப்துல் முத்தலிப்புக்கு அறுபத்தாறு வயது. தேக்கா வட்டாரத்தில் தராசு பழுதுபார்ப்பவர். நான் வேலை பார்க்கும் மருத்துவமனையில், முற்றிய புரோஸ்டேட் புற்றுநோய்க்கான ஒரு புதிய மருந்தைச் சோதிக்கும் ஆராய்ச்சியில் அவர் பதினான்காவது நோயாளி. நோயாளிகளின் அட்டைகளையும் இரத்தப் பரிசோதனை எண்களையும் பார்த்துக்கொள்வது என் வேலை. மூன்று ஆண்டுகளாக மாதம் ஒரு முறை அவர் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்தார்.

போர் முடிந்த மறு ஆண்டு அவர் தோப்புத்துறையிலிருந்து கப்பலேறி வந்தார். எடைக்கற்கள் நிறைந்த மரப்பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு பஃபலோ ரோட்டிலிருந்து டன்லப் ஸ்திரீட் வரை கடை கடையாக நடப்பார். எழுபதுகளில் காத்தி என்ற பழைய எடைக் கணக்கு கிலோவாக மாறியபோது இந்தத் தெருக்களின் பாதித் தராசுகள் அவர் கையால்தான் மாறின. ஒரு காய்கறிக் கடைக்காரர் முள்ளைக் கொஞ்சம் தள்ளி வைக்கச் சொன்னாராம். இவர் பெட்டியை மூடிக்கொண்டு அடுத்த கடைக்குப் போய்விட்டாராம்.

1984 இறுதியில் முதுகு வலித்தது. பெட்டியின் பாரம் என்று நினைத்தார். ஆனால் நோய் எலும்புவரை போயிருந்தது. ஆண்களின் உடலில் ஊறும் ஹார்மோன்தான் இந்த நோய்க்குத் தீனி. அதை நிறுத்த அப்போது வழக்கமான வழி, அறுவை செய்து விரைகளை எடுத்துவிடுவது. நாங்கள் சோதித்த மருந்து, மூக்கில் அடித்துக்கொள்ளும் நீர். உடல் தானாகவே அந்த ஊற்றை நிறுத்தும்படி அது செய்யும் என்று எதிர்பார்த்தோம்.

டாக்டர் இரண்டையும் விளக்கியதும் அவர் என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார். "எங்கள்ல செத்தா பள்ளிவாசல் ஆளுங்கதான் குளிப்பாட்டுவாங்க. எல்லாரும் எனக்குத் தெரிஞ்சவங்கமா. நான் அவங்க கையில முழு ஆளா இருக்கணும்."

ஆராய்ச்சியில் ஒரு விதி உண்டு. இரத்தத்தில் ஹார்மோன் எண் அடுத்தடுத்து இரண்டு முறை ஏறினால் மருந்து தோற்றுவிட்டது என்று பொருள். அந்த நோயாளி அறுவைக்குப் போக வேண்டும்.

எண் இறங்கியது, முதுகு வலியும் இறங்கியது. பதிலுக்கு உடம்பில் உஷ்ணம் ஏறத் தொடங்கியது. நெஞ்சில் கிளம்பிக் கழுத்து வழியாகத் தலைக்குப் போய், சட்டையை நனைத்துவிட்டுக் காணாமல் போகும். தேக்கா சந்தையில் ஆட்டிறைச்சிக் கடைக்காரர் ஒருவர் தம் குளிர் அறைக் கதவைத் திறந்துவிடுவாராம். இவர் உள்ளே தொங்கும் தொடைகளுக்கு நடுவில் கண்ணை மூடி நின்றுவிட்டு வருவார். எங்கள் கூடத்தில் காத்திருக்கும்போதும் அடிக்கடி கண் அயர்வார். அப்போது வரும் கனவுகளை எனக்குச் சொல்வார். சிராங்கூன் ரோடு முழுவதும் தண்ணீர். கடைகள் மெல்ல மிதந்து போகின்றன. ஒவ்வொரு கடையிலும் தராசு தொங்குகிறது. தட்டில் ஒன்றுமே இல்லை, ஆனாலும் முள் ஆடிக்கொண்டிருக்கிறது. பயமாக இருந்ததா என்று கேட்டேன். இல்லை, காற்று நன்றாக இருந்தது என்றார்.

1985 மே மாதத்தில் ரமலான் தொடங்கியது. ஜூன் முதல் வாரப் பரிசோதனையில் அவர் எண் ஏறியிருந்தது. மூன்று நாள் கழித்து மறுபடி இரத்தம் எடுத்துப் பார்ப்போம், அதிலும் ஏறினால் அறுவைதான் என்றார் டாக்டர். அவருடைய அட்டையை எடுத்துப் பார்த்தேன். நாளுக்கு ஆறு வேளை மருந்து. ஆறு கட்டத்திலும் ஒழுங்கான குறிகள். ஒரு நாளும் விடவில்லை.

இரண்டாம் முறை இரத்தம் கொடுக்க அவர் வந்தபோது மைலோ கலந்து கொடுத்தேன். கோப்பையை மெதுவாக என் பக்கமே தள்ளினார். "நோன்புமா."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. "அப்ப மருந்து, ஐயா?"

"அடிக்கிறேனே. நோன்பு திறக்கிறப்ப முன்ன ஒண்ணு, பின்ன ஒண்ணு. ராத்திரி தராவீஹ் தொழுதுட்டு வந்து சாப்பிடுறப்ப ரெண்டு. விடியறதுக்கு முன்ன சஹர்ல ரெண்டு. ஆறு ஆச்சா?"

"பகல்ல?"

"பகல்ல ஏது சாப்பாடு? மூக்குல அடிச்சா தொண்டைக்கு இறங்கும். நோன்பு முறிஞ்சிடும்."

மருந்தோடு வந்த தாளில், மூன்று வேளைச் சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் என்றுதான் இருந்தது. நான் அதை அப்படியே தமிழில் சொல்லிக் கொடுத்திருந்தேன். அவரும் ஓர் எழுத்துப் பிசகாமல் அதன்படி நடந்திருந்தார். தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் இறைச்சி தொடாத வீட்டில் வளர்ந்த எனக்கு, இன்னொருவர் நோன்பு நினைவுக்கே வரவில்லை.

"ஆறு கல்லையும் ஒண்ணா வச்சா எடை மாறிடுமா?" என்று கேட்டார்.

"எடை மாறாது ஐயா. ஆனா இந்த மருந்து முள்ள கையால அமுக்கிப் பிடிச்சிருக்கிற மாதிரி. பதினாலு மணி நேரம் கைய எடுத்துட்டீங்கன்னா மேல வந்துடும்."

டாக்டரிடம் சொன்னால் தம்மை ஆராய்ச்சியிலிருந்து வெளியே அனுப்பிவிடுவார்களா என்று கேட்டார். தெரியவில்லை என்றேன்.

"சொல்லாட்டி?"

"மருந்துதான் தோத்துச்சுன்னு எழுதுவாங்க."

லேசாகச் சிரித்தார். "பாவம், அது என்ன பண்ணும். சொல்லிடுங்கமா."

டாக்டர் முதலில் கோபப்பட்டார். பிறகு அந்த நாட்களின் எண்களைக் கணக்கில் சேர்க்காமல் ஒதுக்கிவிட்டு, பகலிலும் மருந்து அடிப்பதானால் தொடரலாம், இன்னும் மூன்று வாரம் பார்க்கலாம் என்றார். நோயாளிக்கு நோன்பில் விலக்கு உண்டு என்று பள்ளிவாசல் இமாம் முன்பே அப்துல் முத்தலிப்பிடம் சொல்லியிருந்தாராம். தாம் நோயாளி என்று அவருக்குத்தான் தோன்றவில்லை. பதினெட்டு நோன்போடு நிறுத்தினார். பன்னிரண்டு வயதிலிருந்து விட்டதே இல்லையாம். பேரப்பிள்ளைகள் பார்த்துவிடக் கூடாது என்று மதியம் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு மருந்து அடித்தார். திருட்டு சிகரெட் பிடிக்கிற பையன் மாதிரி இருக்கிறார் என்று சம்சுன்னிசா அம்மாள் என்னிடம் கேலி செய்தார். அவரும் கூடச் சிரித்தார்.

அடுத்த பரிசோதனையில் எண் இறங்கியது. அதன் பிறகு இரண்டு ஆண்டுகளுக்கு மேல் கத்தி படாமலே இருந்தார்.

ஆனால் கத்தி செய்வதை மருந்தும் செய்தது. தாடி மெலிந்தது. மார்பு லேசாக வீங்கிச் சட்டை உரசினால் வலித்தது. மற்றதையெல்லாம் அவர் சொல்லவில்லை, அட்டையில் எழுதவும் இல்லை. ஒரு முறை மட்டும், "ரெண்டும் ஒண்ணுதாம்மா. இது சத்தமில்லாம செய்யுது" என்றார். வருத்தமாகச் சொன்ன மாதிரி இல்லை. தூக்கத்திலிருந்து எழுந்து வந்து சொன்ன மாதிரி இருந்தது.

அவர் இறந்த மூன்றாம் நாள் உட்லண்ட்ஸ் போனேன். குளிப்பாட்டிய மூன்று பேரும் அவரோடு வெள்ளிக்கிழமை தோறும் தொழுதவர்கள். அவர்கள் ஏதாவது சொன்னார்களா என்று நான் கேட்கும் முன்பே சம்சுன்னிசா அம்மாளே சொன்னார். "ஒண்ணும் சொல்லலைமா. வெளிய வந்தாங்க, டீ கேட்டாங்க, குடிச்சாங்க, போனாங்க."

அவர் இறப்பதற்கு மூன்று மாதம் முன்பு, இந்த ஆண்டு ஆகஸ்டில், தமிழ் நோயாளிகளுக்கென்று ஒரு தாள் தயாரிக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். சாப்பாட்டைச் சொல்லாமல் மணியைச் சொல்ல வேண்டும். பக்கவிளைவுகளைப் பற்றிய பன்னிரண்டு கேள்விகளும் பேச்சுத் தமிழில் இருக்க வேண்டும். நானும் அப்துல் முத்தலிப்பும் மருத்துவமனை உணவகத்தில் புதன்கிழமைகளில் உட்கார்ந்து எழுதினோம். என் பாடப்புத்தகத் தமிழை அவர் ஒவ்வொரு வரியாகத் திருத்தினார். கணவன் மனைவி உறவில் விருப்பம் குறைந்திருக்கிறதா என்பது ஒன்பதாவது கேள்வி. கடைசியாக வந்த புதன்கிழமை அதைப் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"இத எப்படிக் கேக்குறதுன்னு வீட்டுல கேட்டுட்டு வந்து சொல்றேன்."

பதினொரு கேள்விகள் தட்டச்சாகிவிட்டன. ஒன்பது என்ற எண்ணுக்கு எதிரே இரண்டு வரி இடம் விட்டிருக்கிறது.