சொல்லாமல் விட்ட தொய்வு

பாரிஸின் லா சப்பலில் பிரஷர் இல்லாத தமிழனைக் காண்பது அரிது. ரூ காய் தெருப் பக்கம் நாலு பேர் தேத்தண்ணிக்குக் கூடினால் யாருக்கு என்ன குளிசை என்பதுதான் பேச்சு. நீரிழிவைப் பட்டம் வாங்கியதுபோலச் சொல்லிக்கொள்வோம். எனக்கு அதோடு தொய்வும் இருந்தது, அதுதான் ஆஸ்துமா. அதை மட்டும் நான் ஒருவரிடமும் சொன்னதில்லை.

காரணம் மகள். ஊரில் மனைவியோடு இருந்த அவளுக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். தகப்பனுக்குத் தொய்வென்றால் பிள்ளைக்கும் வரும் என்று மாப்பிள்ளை வீட்டார் எழும்பிப் போய்விடுவார்கள். எங்கள் சனத்துக்கு நீரிழிவு பொறுக்கும், தொய்வு பொறுக்காது. என்ன நியாயமோ!

பிரஷர் ஏறித் தலைசுற்றியபோது, மருத்துவரிடம் மொழிபெயர்க்க ஓர் அண்ணையைக் கூட்டிப்போனேன். பலசரக்குக் கடையில் வேலை செய்பவர், பிரெஞ்சு அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு. நல்ல மனிதர்தான். ஆனால் மாப்பிள்ளை வீட்டுக்குச் சொந்தம்.

இதயம் வேகமாக அடிக்கிறது என்று சொன்ன மருத்துவர், மருந்து எழுதுமுன் ஏதோ கேட்டார்.

"தொய்வு, மூச்சு வருத்தம் ஏதும் இருக்கோ எண்டு கேக்கிறா," என்றார் அண்ணை.

"இல்லை அண்ணை. சீனி மட்டும்தான்."

"வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ."

"இல்லையெண்டு சொல்லுங்கோ."

வெறும் வாயை மெல்லுகிற ஊருக்கு நான் ஏன் அவல் கொடுக்க வேண்டும்? மருத்துவர் என் பொய்க்கு ஏற்ற குளிசையை எழுதித் தந்தார். அவர்மேல் பிழையில்லை.

மூன்றாம் நாள் காலை மெத்ரோ படியேறும்போது நெஞ்சு இறுகியது. பையில் ஒளித்து வைத்திருந்த தொய்வுப் பம்பை எடுத்து வாய்க்குள் அடித்தேன், கேட்கவில்லை. இன்னும் அடித்தேன். படியிலேயே குந்திவிட்டேன். வேலைக்குப் போகிறவர்கள் என்னை விலத்தி ஏறினார்கள். இப்படியே செத்தால் இது யாரென்று சொல்லக்கூட ஆளில்லையே என்று பயந்தேன்.

இழுப்பு கொஞ்சம் இறங்கியதும் தனியாகவே மருத்துவரிடம் போனேன். குளிசைப் பெட்டியையும் பம்பையும் மேசையில் பக்கம் பக்கமாக வைத்தேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. முகமூடி வைத்து மருந்துப் புகை பிடிக்கத் தந்தார். பிறகு பெட்டியைக் காட்டி, நெஞ்சில் கைவைத்து, விரலை ஆட்டினார். அந்தக் குளிசை தொய்வுக்காரருக்கு ஆகாது. வேறொன்று எழுதி, என் விலாவுக்குக் கீழே தொட்டு, சீனிக்காரரின் சிறுநீரகத்துக்கு இதுதான் நல்லது என்று சைகையால் விளங்கப்படுத்தினார். பிரெஞ்சு தெரியாமலே எல்லாம் விளங்கியது. இவ்வளவு லேசான காரியத்துக்கா நான் சாகப் பார்த்தேன் என்று என்மேலேயே எரிச்சல் வந்தது.

கடைசியாக ஒரு தாளை நீட்டினார். திரும்பவும் இப்படி வந்தால் யாருக்கு அறிவிப்பது, தொலைபேசி இலக்கம் என்ன என்று காதில் கைவைத்துக் காட்டிக் கேட்டார். அண்ணையின் இலக்கத்தைக் கொடுத்தால் கலியாணம் குழம்பும். மனைவிக்கோ, நான் கல்லுமாதிரி இருக்கிறேன் என்றுதான் சொல்லி வைத்திருக்கிறேன். வேறு யார் இருக்கிறார்கள்?

என் இலக்கத்தையே எழுதிக் கொடுத்தேன்.

அவர் அதையும், கோப்பில் என் பெயருக்குக் கீழே இருந்த இலக்கத்தையும் மாறிமாறிப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அழுதிருப்பேன்.