சிலமலை தங்கபாண்டியின் சந்தேகம்

தங்கபாண்டி கோயம்புத்தூருக்குப் போய்வந்தது அவர் மனைவி பொன்னுமணிக்குக்கூடத் தெரியாது. திண்டுக்கல்லில் ஒரு கேதம், துக்கம் கேட்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு விடியுமுன் பஸ் ஏறியவர், பகல் பன்னிரண்டு மணிக்கு ஒரு மோட்டார் பம்பு கம்பெனியின் வாசலில் நின்றார். அவர் மகள் முத்துப்பிரியா மூன்று வருடம் வேலை பார்த்த இடம் அது.

வரவேற்பு மேசையில் இருந்த பெண்ணிடம் நேராகக் கேட்டார். "எம்மக முத்துப்பிரியாவ எதுக்கும்மா வேலைய விட்டு அனுப்புனீக?"

உள்ளேயிருந்து ஓர் அதிகாரி வந்தார். யாரும் அனுப்பவில்லை, அவளாகத்தான் எழுதிக் கொடுத்தாள், இருக்கச் சொல்லி எவ்வளவோ பேசிப் பார்த்தோம், நாளைக்கே திரும்பி வந்தாலும் எடுத்துக்கொள்வோம் என்றார். குடிக்க மோர் கொடுத்தார்.

வேறொருவராக இருந்தால் நிம்மதியாகத் திரும்பியிருப்பார். தங்கபாண்டிக்குக் கவலை கூடிவிட்டது. விரட்டப்பட்டிருந்தால் காரணம் வெளியே தெரியும். நல்ல வேலையைத் தானாக விட்டுவிட்டு வந்து காய் விற்கிறாள் என்றால், சொல்ல முடியாத காரணம் ஏதோ இருக்கிறது. திரும்பும் பஸ்ஸில் அவர் கண் மூடவே இல்லை.

அவர் சுபாவம் அப்படி. கேஸ் சிலிண்டர் வந்தால் அதைத் தூக்கிக்கொண்டு எதிர்வீட்டுத் தராசுக்குப் போவார். உர மூட்டையின் தையலைத் தடவிப் பார்த்து, பிரித்துத் தைத்ததா என்று கேட்பார். வாலிப வயசில் தக்காளியை எடை போட்ட தரகன் ஒருவன் தராசுத் தட்டைக் கால் கட்டைவிரலால் அமுக்கியதைப் பார்த்த நாளிலிருந்து, மனிதர்களின் கையைவிடக் காலைத்தான் அதிகம் கவனித்தார்.

முத்துப்பிரியா மதுரையில் எம்.பி.ஏ. படித்தவள். கூடப் படித்த, தேவாரம் ஊர்க்காரனான வினோத்குமாரும் ஒரு வங்கி வேலையை விட்டுவிட்டு வந்தான். இருவருமாகப் பழைய குட்டியானை சரக்கு வண்டி ஒன்றை வாங்கினார்கள். சிலமலையிலும் தேவாரத்திலும் தோட்டங்களில் தக்காளி, கத்தரி, பீன்ஸ், முருங்கை எடுத்து, செவ்வாயும் வெள்ளியும் போடிமெட்டு வழியாக மேலே ஏலத்தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயங்களுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே இருக்கிற சனம் நல்ல காய் வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமை ஜீப் பிடித்துப் போடிக்கு இறங்க வேண்டும். இல்லையென்றால் எஸ்டேட் கடையில் வாடிக்கிடப்பதைத்தான் வாங்க வேண்டும். எனவே குட்டியானை போய் நின்றதும் கூட்டம் கூடியது.

விஷயம் இவ்வளவுதான் என்று முத்துப்பிரியா பலமுறை சொன்னாள். தங்கபாண்டி நம்பவில்லை. போதாக்குறைக்கு வினோத்குமார் அவரைப் பார்த்த முதல் நாளே "வாங்க மாமா" என்றான். ஊர்ப்பக்கத்தில் எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். ஆனால் அன்று இரவு அவர் பொன்னுமணியிடம், "ஐயான்னு கூப்பிட அவனுக்கு வாய் வரலையா?" என்று கேட்டார்.

ஆவணி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, "நானும் வர்றேன்" என்று வண்டியருகே போய் நின்றார்.

"முன்னாடி உக்காருங்கப்பா" என்றாள் மகள்.

"எனக்குக் காத்து வேணும். பின்னாடியே இருக்கேன்."

பின்னாலிருந்தால் எல்லாவற்றையும் பார்க்கலாம் என்பதுதான் அவர் கணக்கு. பெட்டிகளுக்கு நடுவே துண்டை விரித்து உட்கார்ந்துகொண்டு, கொண்டை ஊசி வளைவுகளில் குலுங்கிக் குலுங்கி மலையேறினார். முன்னால் இருவரும் என்ன பேசுகிறார்கள் என்று காதை வைத்துப் பார்த்தார். பீன்ஸ் விலையைப் பற்றித்தான் பேசினார்கள்.

எஸ்டேட்டில் வண்டியை ஸ்டோருக்கு எதிரே நிறுத்தினார்கள். பறித்த ஏலக்காயைக் காயவைக்கும் கட்டடத்தை அங்கே ஸ்டோர் என்பார்கள். அதன் சூப்பர்வைசர் ராஜாராம் தங்கபாண்டியைப் பார்த்ததும் இறங்கி வந்தான்.

"வாங்கண்ணே, கட்டன் குடிப்போம்" என்று ஸ்டோரை ஒட்டிய தன் அறைக்குக் கூட்டிப்போய்ப் பால் சேர்க்காத தேநீர் கொடுத்தான். பிறகு குரலைத் தாழ்த்தினான். "படிச்ச புள்ளைக மலையேறி வந்து காய் விக்குமாண்ணே? வேற ஏதோ சோலி இருக்கு. போகும்போது வெறும் பெட்டியாத்தான் போகுதா, யாரு கண்டா?"

தங்கபாண்டிக்குத் தன் மனசையே ஒருவன் எடுத்துப் பேசியதுபோல் இருந்தது. இத்தனை மாதத்தில் தன்னைப்போல யோசிக்கிற ஒரே ஆள் இவன்தான் என்று நினைத்தார். எஸ்டேட் கடையை நடத்துவது ராஜாராமின் மச்சினன் என்பது அவருக்கு அப்போது தெரியாது. ராஜாராம், "செத்த இருங்கண்ணே, ஸ்டோரப் பூட்டிட்டு வர்றேன்" என்று எழுந்து போய், பத்து நிமிடம் கழித்து வந்தான். வாழ்நாளெல்லாம் எல்லாரையும் சந்தேகித்த மனிதர், அந்தப் பத்து நிமிடத்தைப் பற்றி மட்டும் ஒன்றும் நினைக்கவில்லை.

காய் விற்றுத் தீர்ந்தது. விற்கவிற்க வரிசையாக அடுக்கிவந்த வெறும் பெட்டிகளோடு வண்டி கிளம்பியது. லயங்களைத் தாண்டியதும் தங்கபாண்டி பெட்டிகளைத் துழாவ ஆரம்பித்தார். எதைத் தேடுகிறோம் என்று அவருக்கே தெரியாது. மூன்றாவது வரிசையில் அடிப்பெட்டியில் கிடந்த சாக்கைத் தூக்கியபோது, அதன் அடியில் ஒரு துணிப்பை இருந்தது. கிலோவுக்குக் குறையாது. பிரித்தார். ஏலக்காய்.

"இதுதானா?" என்று வாய்விட்டே சொன்னார்.

இத்தனை நாள் அரித்த கேள்விக்கு விடை கையில் இருந்தது. மகள் திருடுகிறாள். லயத்து ஆட்களிடம் காயைக் கொடுத்து ஏலத்தை வாங்கிக் கீழே கடத்துகிறாள். அடுத்த வளைவில் எஸ்டேட் கேட் வந்துவிடும் என்பது உறைத்ததும், பையைத் தன் சோற்றுத் தூக்கு இருந்த மஞ்சப்பைக்குள் திணித்து மடியில் வைத்துக்கொண்டார். கேட்டால் நான்தான் எடுத்தேன் என்று சொல்லிவிட வேண்டியது. கிழவனை அடித்தாலும் விட்டுவிடுவார்கள். அவள் பேர் கெடக்கூடாது.

கேட்டில் மானேஜர் நின்றிருந்தார். பக்கத்தில், பைக்கில் முந்தி வந்துவிட்ட ராஜாராம்.

"சார், ஸ்டோர்ல ஏலக்காய் குறையுது. இந்த வண்டியச் சோதிக்கணும்."

மானேஜர் மலையாளி. "நோக்கு" என்று சோதித்துப் பார்க்கச் சொன்னார் சுருக்கமாக.

முத்துப்பிரியாவும் வினோத்குமாரும் இறங்கி நின்றார்கள். அவள் முகத்தில் பயமில்லை, கோபம்தான் இருந்தது. தங்கபாண்டி அதைக் கவனித்தார். பிறகு வழக்கம்போல ராஜாராமின் காலைக் கவனித்தார். அந்தக் கால்கள் முதல் வரிசையைத் தாண்டின. இரண்டாவது வரிசையையும் தாண்டின. மூன்றாவதில் நின்றன. மேலிருந்த பெட்டிகளை இறக்கிவிட்டு அடிப்பெட்டியின் சாக்கை உருவி உதறினான். ஒன்றும் விழவில்லை. இன்னொரு முறை உதறினான்.

"தம்பி, இன்னும் முப்பது பெட்டி கெடக்கே. அதையெல்லாம் பாக்கலையா?" என்றார் தங்கபாண்டி.

"போதும், போதும். வண்டி போகட்டும்" என்றான் ராஜாராம்.

அந்த நொடியில்தான் அவர் விரல்கள் மஞ்சப்பைக்குள் போய்த் துணிப்பையைத் தடவின. கலகலவென்று இருந்தது. காய்ந்த காய். பையை வெளியே எடுத்து மானேஜரிடம் நீட்டினார்.

"இது இந்தப் பெட்டியில கெடந்துச்சு சார். நாந்தான் எடுத்து வச்சிருந்தேன். தோட்டத்துல வேல பாக்குற பொம்பளைக கையில பச்சக்காய்தான் இருக்கும். இது ஒணந்த காய். ஸ்டோர்லதான் கெடைக்கும். கட்டன் குடிக்கக் கூப்பிட்ட தம்பி, பூட்டிட்டு வர்றேன்னு பத்து நிமிசம் காணாமப் போச்சு. இப்பவும் நேரா அந்தப் பெட்டிக்குத்தான் போச்சு."

மானேஜர் இரண்டு காயை எடுத்து உடைத்துப் பார்த்தார். ராஜாராமிடம் கையை நீட்டினார். "சாவி தா."

இறங்கும் வழியில் முத்துப்பிரியா அப்பாவோடு பின்னால் ஏறிக்கொண்டாள்.

"அந்தப் பைய எப்பப்பா பாத்தீங்க?"

"லயத்தத் தாண்டுனதும்."

"பாத்ததும் என்ன நெனச்சீங்க?"

பொய் சொல்லியிருக்கலாம். "ஒன்னையத்தான் நெனச்சேன் ஆத்தா" என்றார்.

அவள் வெளியே பார்த்தாள். அடிவாரத்தில் தென்னந்தோப்புகள் தெரிய ஆரம்பித்திருந்தன. தங்கபாண்டிக்குத் தாங்கவில்லை. கோயம்புத்தூர் போன கதையையும் அப்போதே சொல்லிவிட்டார்.

"தெரியும். அன்னைக்கே ஆபீஸ்ல இருந்து எனக்குப் போன் வந்துச்சு."

"தெரிஞ்சுமா ஒண்ணும் கேக்கல?"

"நான் சொன்னா நம்பியிருப்பீங்களா?"

"எதுக்குத்தான் ஆத்தா வேலைய விட்ட?" என்றார்.

"மூணு வருசம் பம்பு விக்கிற கம்பெனில இருந்தேன்ப்பா. ஒரு பம்பையும் தொட்டதில்ல, தோட்டத்துக்கு அத வாங்குன ஒரு சம்சாரியையும் பாத்ததில்ல. மாசாமாசம் வித்த கணக்கக் கம்ப்யூட்டர்ல படமாப் போட்டுக் காட்டுனேன். இங்க நான் வாங்குறேன், நான் விக்கிறேன். தப்பு பண்ணுனா அடுத்த தடவையே லயத்துப் பொம்பளைக மூஞ்சிக்கு நேரா சொல்லுது. அவ்வளவுதான்."

அவர் மெதுவாகத் தலையாட்டினார். முழுக்க நம்பினாரா என்று சொல்ல முடியாது. ஆனால் வேறெதையும் கேட்கவில்லை. அவளோ, அதற்கப்புறம் நாலு நாள் அவரோடு சரியாகப் பேசவில்லை. செவ்வாய்க்கிழமை காலையில், சொத்தைக் கத்தரிக்காயை நல்லதோடு கலந்து கட்டியிருந்த ஒரு மூட்டையை அவர் அடியிலிருந்து பிரித்துக் காட்டியபோதுதான், "இனிமே வாங்குற எடத்துக்கு நீங்களும் வாங்கப்பா" என்றாள்.

ராஜாராமை அந்த மாதமே அனுப்பிவிட்டதாகச் சொன்னார்கள். பக்கத்து எஸ்டேட்காரர்களும் கூப்பிட, இப்போது இரண்டு வண்டி ஓடுகிறது.

தை பிறந்ததும் வினோத்குமார் வீட்டுக்கு வந்து கல்யாணப் பத்திரிகை வைத்தான். பெண் சின்னமனூர். தங்கபாண்டி பத்திரிகையை முன்னும் பின்னும் படித்தார். அவன் போனதும் அதிலிருந்த மண்டபத்து நம்பருக்குப் போன் போட்டு, அந்தத் தேதியில் அந்தப் பேருக்குக் கல்யாணம் உண்டா என்று விசாரித்தார். உண்டு என்றார்கள். போனை வைத்துவிட்டுப் பொன்னுமணியிடம், "பய நல்ல பயதான்" என்றார்.