கெடுத்துப் பார்க்காமல் ஏறாதவர்

என் மாமா, அதாவது அம்மாவின் அண்ணன், லிஃப்ட் மெக்கானிக். இருபத்தேழு வருஷமாக ஊரையே மேலும் கீழும் ஏற்றி இறக்கியவர், தான் ஏறுவதென்றால் மட்டும் ஆயிரம் யோசிப்பார். எந்தக் கட்டடத்திலும் முதலில் படியேறி மொட்டை மாடி மெஷின் ரூமுக்குப் போவார். இரும்புக் கயிற்றைத் தடவிப் பார்ப்பார். பிறகு வேண்டுமென்றே ஒரு பழுதை உண்டாக்குவார். கூண்டு கட்டுமீறிக் கீழே பாயும். அடியிலுள்ள இரும்புத் தாடை தானாகத் தண்டவாளத்தைக் கவ்விக்கொண்டு நிற்க வேண்டும். நின்றால்தான் ஏறுவார். தன் கைபடாத லிஃப்ட் என்றால் ஒன்பது மாடியானாலும் நடைதான்.

"ஓடுறதைப் பாத்து எதையும் நம்பக் கூடாதுடா. கெட்டா என்ன பண்ணுதுன்னு பாக்கணும்" என்பார். என்னைப் பற்றியும் அதே கொள்கைதான். நான் பள்ளிக்கூடத்தை விட்டுக் கெட்டுப்போய் இரண்டு வருஷமாகிறது. இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அப்பேர்ப்பட்டவர் விமானம் ஏற வேண்டி வந்தது. அவருடைய ஒரே மகள், நான் அக்கா என்று கூப்பிடுபவள், கடல் தாண்டி வேலை பார்க்கிறாள். அவளுக்கு இதயத்தில் ஒரு வால்வு சரியில்லை, திறந்துதான் சரிசெய்ய வேண்டும் என்று தேதி குறித்துவிட்டார்கள். பத்தொன்பது நாள் இருந்தது. அத்தை காலமான பிறகு அவளுக்கு அப்பா மட்டும்தான். "நீ வந்து வெளியில உக்காந்தாத்தான்பா நான் உள்ள போவேன்" என்று போனில் சொன்னாள். மாமா உடனே "வரேம்மா" என்றார். போனை வைத்த பிறகுதான் எதில் போவது என்பது அவருக்கு உறைத்தது.

டிக்கெட்டை நான்தான் போட்டுக் கொடுத்தேன். அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. சட்டைப் பொத்தானை ஒன்றுவிட்டு ஒன்று போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார்.

"ஏண்டா, அது எதுலடா தொங்குது?"

"எதுலயும் தொங்கல மாமா."

"அதாண்டா பயமே."

வீட்டிலேயே விமானம் ஓட்டிப் பார்க்கிற சிமுலேட்டர் இருப்பதாக யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். "நெசம் மாதிரியே இருக்கற ஒண்ணாப் பாத்து வையி" என்றார். நான் எதைப் பார்த்தேன்? இலவசமாகக் கிடைத்த ஒரு விளையாட்டை அவர் கம்ப்யூட்டரில் ஏற்றி, அவரை முன்னால் உட்காரவைத்தேன். விமானம் அழகாக மேலே போனது. மாமாவின் முகம் கொஞ்சம் தெளிந்தது. சும்மா இருந்திருக்கலாம். இருந்தால் நான் நானில்லையே. அவர் பார்க்காத நேரம் ஒரு பட்டனைத் தட்டி இரண்டு இன்ஜினையும் நிறுத்தினேன்.

விமானம் கிணற்றில் போட்ட கல் மாதிரி விழுந்தது. திரை சிவந்தது. 'மீண்டும் விளையாடு' என்று எழுத்து வந்தது. நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். திரும்பிப் பார்த்தால் மாமா நாற்காலியில் இல்லை. சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டு, கையைக்கூட நீட்டாமல், ஓடுகிற தண்ணீரைப் பார்த்தபடி நின்றிருந்தார்.

மறுநாள் அக்காவிடம் பேசினார். "லீவு குடுக்க மாட்டேங்கறாங்கம்மா." "பரவால்லப்பா, நான் தேதியத் தள்ளிப் போட்டுக்கறேன்" என்றாள். தள்ளிப்போடுகிற விஷயமா அது? மாமா என் பக்கம் திரும்பாமலே, "டிக்கெட்ட ரத்து பண்ணிடு" என்றார்.

சாயங்காலம் அவர் எதிரில் போய் நின்றேன். "மாமா, இன்ஜின நான்தான் நிறுத்தினேன். சும்மா வெளையாட்டுக்கு."

"நிறுத்தினது தப்பில்லடா. நானே நிறுத்திப் பாத்திருப்பேன். நின்னதும் விழுந்துச்சு பாத்தியா..."

"அது பொம்மை மாமா. நெசமானது வேற மாதிரி."

"எப்படி?"

எனக்கென்ன தெரியும்? சத்தியமாகத் தெரியாது. "கடைக்குப் போய்ப் பாப்போம் வாங்க" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன்.

கம்ப்யூட்டர் கடைக்காரர் முதலில் காட்டியதில் மேகம் பஞ்சுப்பொதி மாதிரி மிதந்தது. மாமா மேகத்தைப் பார்க்கவில்லை. விமானி அறையில் ஒரு சுவிட்சைத் தட்டினார். அசையவில்லை. இன்னொன்று. அதுவும் வெறும் படம். "அடுத்தது" என்றார்.

"இது குடும்பத்தோட ஆடலாம் சார். நாப்பது வகை விமானம் இருக்கு. பழுதுன்னு ஒண்ணு வரவே வராது."

"வராதுன்னா வேண்டாம்."

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

"கெடுத்துப் பாக்கற மாதிரி இருக்கா?" என்றார் மாமா.

"ஒண்ணு இருக்கு சார்..." கடைக்காரர் குற்றத்தை ஒப்புக்கொள்பவர்போல் குரலைத் தாழ்த்தினார். "ஒரே ஒரு பயணிகள் விமானந்தான். கெளப்பவே அரை மணி நேரம் ஆவும். எல்லா சுவிட்சும் வேலை செய்யும், எதை வேணும்னாலும் கெடுக்கலாம். வாங்கினவங்கல்லாம் என்னத் திட்டறாங்க."

"அதைக் கட்டுப்பா."

வீட்டில் அதை ஏற்றும்போது, இன்ஜின் நிற்கவே நிற்காதபடி செய்ய டிக் அடிக்கிற கட்டம் ஒன்று திரையில் கண்ணில் பட்டது. ஒரு தட்டு தட்டினால் போதும். மாமா நிம்மதியாகக் கிளம்பிவிடுவார். ஊரில் இத்தனை பேரை ஏமாற்றிய விரல், அங்கே போய் நின்றது. இதுவும் கல் மாதிரி விழுந்தால் அவர் போகமாட்டார். அக்கா தனியாக ஆப்பரேஷன் அறைக்குள் போக வேண்டும், அல்லது போகாமலே இருந்துவிடுவாள். அந்த மனிதர் வாழ்நாளில் ஒரு லிஃப்டிடம்கூடப் பொய் சொன்னதில்லை. விரலை எடுத்துவிட்டேன்.

மூன்று நாள் அதனோடு வந்த விளக்கப் புத்தகத்தோடு மல்லுக்கட்டி, ஞாயிற்றுக்கிழமை காலையில் முப்பத்தாறாயிரம் அடிக்குப் போய்ச் சேர்ந்தோம். மாமா என் மணிக்கட்டை ஒரு கையால் பிடித்தார். மறு கையால் இரண்டு இன்ஜினையும் அணைத்தார்.

இரைச்சல் அடங்கியது. விமானி அறைத் திரைகள் சில இருண்டன. "போச்சு" என்றார் மாமா. அவர் பிடியில் என் கை மரத்துப்போனது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"டேய், என்னமோ வெளிய வந்துச்சுடா. என்னது? படிடா!"

எழுத்துக்கூட்டிப் படித்தேன். கரண்ட் போனால், விமானத்தின் வயிற்றிலிருந்து ஒரு சின்னக் காற்றாடி தானாக வெளியே வந்து, காற்றில் சுற்றி, திருப்புவதற்கும் இறக்குவதற்கும் வேண்டிய சக்தியைக் கொடுக்குமாம்.

"தானாவா? யாரும் சொல்லாமயா?"

"யாரும் சொல்லாம."

மாமா மூச்சை இழுத்து விட்டார். இரும்புத் தாடை கவ்வி நிற்கும்போது பார்ப்பாரே, அப்படித் திரையைப் பார்த்தார். விமானம் விழவில்லை. மூக்கைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டு சரிந்து சரிந்து போனது. ஐந்து நிமிஷம். பத்து. அவர் முதுகெல்லாம் ஈரம், ஆனாலும் கம்ப்யூட்டரோடு இணைத்திருந்த, விமானத்தை ஓட்டுகிற கைப்பிடியை விடவில்லை. இருபத்திரண்டாவது நிமிஷம் ஓடுபாதையில் தடாலென்று இடித்து, சக்கரம் உடைந்து, புல்லில் போய் நின்றோம்.

"ஓட்டத் தெரியாத எனக்கே இருவத்திரண்டு நிமிஷம் குடுக்குதுடா" என்றார். பிறகு தலையில் கைவைத்துக்கொண்டார். "டிக்கெட்டத்தான் ரத்து பண்ணிட்டியே!"

"நான் எந்த வேலைய மாமா சொன்னவுடனே செஞ்சிருக்கேன்?"

அடிக்கக் கை ஓங்கினார். ஓங்கிய கை என் தலையில் மெதுவாக இறங்கி, அங்கேயே கொஞ்ச நேரம் இருந்தது.

அக்காவைக் கூப்பிட்டார். "லீவெல்லாம் கெடக்குதும்மா. பயந்துட்டேன், அதான் பொய் சொன்னேன்."

"இப்பப் பயம் போயிடுச்சாப்பா?"

"எங்க போவுது? அப்படியேதான் இருக்கு. அதையும் கூட்டிட்டு வரேன்."

கிளம்பும் நாளில் விமான நிலையக் கண்ணாடிக் கதவருகே மாமா பையைக் கீழே வைத்துவிட்டு நின்றார். திரும்பி வந்துவிடுவாரோ என்று வழியை மறித்தபடி நின்றேன். வரவில்லை. வாசலில் இருந்த சீருடைக்காரரிடம் அந்தக் காற்றாடியை யார் சோதிப்பார்கள் என்று கேட்டு, அவர் விழித்ததும், தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனார்.

ஆப்பரேஷனுக்கு முந்தின நாள் அக்கா கூப்பிட்டாள். "வந்துட்டாருடா. கண்ணத் தொறக்காமலே வந்தாராம். ரெண்டு பேரும் கையக் கோத்துட்டு உக்காந்திருக்கோம். நடுங்குது. ஆனா யாரு கை நடுங்குதுன்னுதான் தெரியல."